பைக்கில் ரேடார் டிடெக்டர்: அமெரிக்காவில் ஓட்டும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்து, வார இறுதிகளில் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டத் தொடங்கியிருக்கும் நண்பர்கள், காவல்துறை வேகம் அளக்க வீசும் ரேடார் அலையை உணர்ந்து எச்சரிக்கும் சிறு கருவியான ரேடார் டிடெக்டரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை கார் ஓட்டுவோருக்காகச் சொல்லப்பட்டவை. காரில் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது. பைக்கில் மழை, அதிர்வு, மின்சாரம், திருட்டு ஆகிய அனைத்தையும் நாமே சமாளிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், காற்று இரைச்சலில் ஹெல்மெட்டுக்குள் எச்சரிக்கை ஒலி கேட்பதே இல்லை என்பது. ஆகவே எந்தக் கருவி அதிக தூரத்தில் ரேடாரைப் பிடிக்கிறது என்ற கேள்வியில் நேரம் செலவிடுவதற்கு முன், அது பிடித்த செய்தி உங்களிடம் எப்படி வந்து சேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் உங்களுக்கும் ஆக வேண்டியதில்லை.

1. வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

தனியார் வாகனங்களில் ரேடார் டிடெக்டர் வைத்திருப்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி சரியே. வர்ஜீனியா மாநிலமும் வாஷிங்டன் டி.சி.யும் இதற்கு விலக்கு. அங்கு எந்த வாகனத்திலும் பயன்படுத்தக் கூடாது. ராணுவத் தளங்களுக்குள்ளும் அனுமதி இல்லை. கலிஃபோர்னியா, மினசோட்டா ஆகியவை முன்கண்ணாடியில் பொருள்களை ஒட்டுவதைக் கட்டுப்படுத்துகின்றன என்பதால், அங்கு விண்ட்ஸ்கிரீனைத் தவிர்த்து ஹேண்டில்பாரில் பொருத்துவது பாதுகாப்பானது.

வர்ஜீனியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடகிழக்கிலிருந்து தெற்கே மலைப்பாதைகளுக்குப் போகிறவர்கள் அதைக் கடக்காமல் போவது கடினம். ஐ-81 நெடுஞ்சாலை வர்ஜீனியாவுக்குள் மட்டும் 320 மைலுக்கு மேல் ஓடுகிறது. மலைச்சாலைகளான ஸ்கைலைன் டிரைவ் முழுவதும், புளூ ரிட்ஜ் பார்க்வேயின் வட பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. அந்த மாநிலச் சட்டம், கருவிக்கு மின்சாரம் இல்லாமலும், ஓட்டுபவருக்கோ பின்னால் இருப்பவருக்கோ எளிதில் கைக்கு எட்டாமலும் இருந்தால் குற்றமில்லை என்கிறது. அணைத்துவிட்டு ஹேண்டில்பாரிலேயே விட்டுவைப்பது இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றாது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தும்போதே கருவியைக் கழற்றி, வயரைப் பிரித்து, பூட்டிய பக்கப் பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். துணியால் மூடி மறைத்துக்கொண்டு ஓட்டினால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிடெக்டரிலிருந்து கசியும் மெல்லிய அலையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அந்த மாநிலக் காவல்துறையிடம் உண்டு.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வர்ஜீனியாவில் டிடெக்டர் வைத்திருப்பது சாதாரணப் போக்குவரத்து மீறல்தான், ஆனால் குறிக்கப்பட்ட வேகத்தை விட 20 மைல் அல்லது அதற்கு மேல் கூடுதலாகவோ, எந்தச் சாலையானாலும் 85 மைலுக்கு மேலோ ஓட்டுவது 'ரெக்லெஸ் டிரைவிங்'. அது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது குற்றவியல் பதிவாகும் குற்றம். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 கைது, தண்டனை பற்றி நேரடியாகக் கேட்கிறது. 70 மைல் பகுதியில் 86இல் போனால் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கனடாவுக்குப் போகும்போது கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் ஆகிய மூன்று மாகாணங்கள் அனுமதிக்கின்றன. நம்மவர்கள் நயாகராவுக்கும் டொரண்டோ உறவினர் வீட்டுக்கும் போகும் ஒன்டாரியோ அனுமதிப்பதில்லை. அங்கு அணைத்து வைத்திருந்தாலும், பெட்டிக்குள் இருந்தாலும், வைத்திருப்பதே குற்றம். கருவியைப் பறிமுதல் செய்வார்கள், திரும்பக் கிடைக்காது.

ரேடாரைக் குழப்பும் ஜாமர்கள் முற்றிலும் வேறு வகை. அவை கூட்டாட்சிச் சட்டப்படி அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டவை. டிடெக்டர் என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் பொருளின் விளக்கத்தில் 'ஜாம்' என்ற சொல் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

2. கருவியால் என்ன முடியும், என்ன முடியாது

காவல்துறை ரேடார்கள் மூன்று அலைவரிசைகளில் இயங்குகின்றன: 10.5 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் எக்ஸ், 24 அளவில் கே, 33.4 முதல் 36 வரை கே-ஏ. இன்று உங்களுக்கு முக்கியமானது கே-ஏ, அதிலும் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலான கருவிகள் இருக்கின்றன. கே அலைவரிசையில் ரேடார்களும் உண்டு, ஆனால் பேரங்காடிகளின் தானியங்கிக் கதவுகளும், கார்களின் பக்கவாட்டு எச்சரிக்கைக் கருவிகளும் அதே இடத்தில் இருப்பதால் பொய் எச்சரிக்கைகளில் பெரும் பகுதி அங்கிருந்தே வரும்.

தொடர்ந்து அலை வீசிக்கொண்டிருக்கும் ரேடாரை நல்ல டிடெக்டர் வெகு தூரத்திலேயே பிடித்துவிடும். ஆனால் பல காவலர்கள் ரேடாரை அணைத்து வைத்திருந்து, வாகனம் நெருங்கும்போது மட்டும் ஒரு நொடி இயக்குகிறார்கள். அப்போது உங்களைக் காப்பாற்றுவது உங்களுக்கு முன்னால் போகும் வாகனம்: அதை அளக்க வீசிய அலையின் சிதறல் உங்களை எட்டினால் எச்சரிக்கை கிடைக்கும். சாலையில் நீங்கள் மட்டும் இருந்தால், முதல் அலை உங்கள் மீதே விழும், கருவி அலறும் நேரத்தில் உங்கள் வேகம் திரையில் வந்திருக்கும். போக்குவரத்தே இல்லாத நள்ளிரவுச் சாலையில்தான் பலர் இந்தக் கருவியை அதிகம் நம்புகிறார்கள். அது மிகக் குறைவாக உதவுவதும் அங்கேதான்.

ரேடாருக்குப் பதில் ஒளிக்கற்றையால் வேகத்தை அளக்கும் லேசர் இன்னும் கடினம். 904 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் அந்தக் கற்றை 1,000 அடி தூரத்தில் சுமார் மூன்றடி அகலம்தான் இருக்கும், அரை நொடிக்குள் அளவு எடுத்துவிடும். பைக்கின் முன்விளக்கைக் குறிவைத்த லேசரை டிடெக்டர் உணர்ந்தால், அது முன்னெச்சரிக்கை ஆகாது. வேலை முடிந்துவிட்டது என்ற அறிவிப்புதான். பின்தொடர்ந்து வந்து வேகம் கணிப்பது, விமானத்திலிருந்து நேரம் அளப்பது போன்றவற்றையும் எந்தக் கருவியாலும் உணர முடியாது.

3. எந்தக் கருவி, எவ்வளவு செலவு

சந்தையில் பைக்குக்கென்றே செய்யப்பட்டவை மிகக் குறைவு. அடாப்டிவ் நிறுவனத்தின் டிபிஎக்ஸ் வகை நீர் புகாதது, அதிர்வைத் தாங்குவது, எச்சரிக்கை விளக்கோடு வருவது. விலை சுமார் 300 முதல் 400 டாலர். ரேடாரைப் பிடிக்கும் தூரத்தில் அது கார்களுக்கான உயர்தரக் கருவிகளுக்குப் பின்தான் நிற்கிறது.

மற்ற வழி, காருக்கான கருவியை வாங்கி பைக்குக்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்வது. யூனிடென் ஆர் வரிசை, எஸ்கார்ட் மேக்ஸ் வரிசை, வாலன்டைன் ஒன் ஜென்2 ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. விலை சுமார் 300 டாலரிலிருந்து மேலே போகும். வாலன்டைனில் அலை முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்று அம்புக்குறி காட்டும், புளூடூத்தும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஜிபிஎஸ் கிடையாது, அதற்குக் கைப்பேசிச் செயலி தேவை. ஜிபிஎஸ் உள்ள கருவிகள், நீங்கள் தினமும் கடக்கும் கடைக் கதவின் பொய் அலையை நினைவில் வைத்துப் பிறகு அமைதியாக இருக்கும். 100 டாலருக்குக் கீழ் விற்பவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஓயாமல் கத்துவதால் பத்து நாளில் நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

என் கருத்தில், மழையிலும் வேலைக்கு பைக்கிலேயே போகிறவர் டிபிஎக்ஸ் போன்றதை வாங்குவது நல்லது. வானிலை பார்த்து நெடும்பயணம் போகிறவருக்குக் கார் வகையே பொருந்தும், மழை வந்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கருவியின் விலையோடு நின்றுவிடாமல் கணக்குப் போடுங்கள். பூட்டுள்ள தாங்கிக்கு 50 முதல் 100 டாலர், மின் இணைப்புப் பொருள்களுக்கு 20 முதல் 40 டாலர், ஹெல்மெட் ஹெட்செட் இல்லையென்றால் அதற்கு 150 டாலரிலிருந்து மேலே, இவற்றுக்கெல்லாம் மாநில விற்பனை வரி. பட்டறையில் பொருத்தக் கொடுத்தால் ஒரு மணி நேரக் கூலியாவது ஆகும், அது பெரும்பாலும் 100 டாலருக்குக் குறைவதில்லை.

வாங்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய இணையச் சந்தைகளில் அதே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் விற்கிறார்கள். தயாரிப்பாளர் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. 40 டாலர் குறைவு என்று வாங்கியதற்கு, திரை பழுதானபோது எனக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது. விற்பவரின் பெயர் அங்கீகரிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வந்த அன்றே வரிசை எண்ணைப் பதிவு செய்து, ரசீதையும் அந்த எண்ணின் புகைப்படத்தையும் சேர்த்து வையுங்கள். திருடு போனால் காப்பீட்டுக்கும் இதே தாள்கள்தான் தேவைப்படும்: உங்கள் பைக் காப்பீட்டில் கூடுதல் பொருள்களுக்கான பிரிவு இருக்கிறதா, கழற்றக்கூடிய மின்னணுக் கருவி அதில் அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. எச்சரிக்கை உங்கள் காதுக்கு வரும் வழி

நெடுஞ்சாலை வேகத்தில், முழு ஹெல்மெட்டும் காதடைப்பானும் அணிந்திருக்கும்போது டிடெக்டரின் சொந்த ஒலிபெருக்கி கேட்காது. உச்ச ஒலியில் வைத்தாலும் கேட்காது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

கருவியில் 3.5 மி.மீ. ஒலி ஜாக் இருக்கிறதா என்பதுதான் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் வசதி. அதில் சிறிய புளூடூத் அனுப்பியைச் செருகி, கார்டோ, சேனா போன்ற ஹெல்மெட் ஹெட்செட்டோடு இணைக்கலாம். இங்கே கவனம் தேவை: ஒலி எதுவும் வராமல் சில நிமிடங்கள் போனால் பல அனுப்பிகள் தாமாக உறங்கிவிடும், அல்லது ஹெட்செட் அந்த இணைப்பை விட்டுவிடும். பிறகு எச்சரிக்கை வரும்போது, விழித்தெழுவதற்குள் முதல் இரண்டு மூன்று பீப் ஒலிகள் தொலைந்துவிடும். திடீரென இயக்கப்படும் ரேடார் கொடுப்பதே அந்த இரண்டு மூன்று பீப்தான். தானாக அணையும் வசதியை நிறுத்தக்கூடிய அனுப்பியா என்று பார்த்து வாங்குங்கள். சோதிக்கும் முறை எளிது: எல்லாவற்றையும் இணைத்து, ஹெல்மெட்டை அணிந்து, பதினைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, டிடெக்டரின் சோதனை ஒலியை அழுத்துங்கள். முதல் ஒலியே கேட்க வேண்டும்.

புளூடூத் உள்ள கருவி என்றால் கைப்பேசிச் செயலி எச்சரிக்கையை வாங்கி, வழிகாட்டும் குரல் வரும் அதே ஹெட்செட்டில் ஒலிக்கச் செய்யும். அனுப்பி தேவையில்லை, வயர் ஒன்று குறையும். கைப்பேசி பின்னணியில் செயலியை மூடிவிடாதபடி மின்கல அமைப்பில் விலக்கு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும்.

ஒலி பிடிக்காதவர்கள் விளக்கை நம்பலாம். கண்ணாடிக் காம்புக்கு அருகில், சாலையைப் பார்க்கும் பார்வையின் ஓரத்தில் படும்படி ஒரு பிரகாசமான எல்இடி விளக்கு வைப்பது நல்ல வழி. அதற்கும் வெயில் நேரத்துச் சோதனை வேண்டும். ஒலியும் விளக்கும் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. கருவியின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுவதை வழியாகவே கருத வேண்டாம். வளைவில் சாய்ந்திருக்கும் வண்டியில் கண் சாலையை விட்டு எடுக்கப்படக் கூடாது.

காதில் செருகும் இயர்போன்களுக்கும் சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் இரண்டு காதுகளிலும் இயர்போன் அணிந்து ஓட்டக் கூடாது, நியூயார்க்கில் ஒன்றுக்கு மேல் கூடாது. ஹெல்மெட்டின் உட்புறத்தில் பதிக்கும் ஒலிபெருக்கிகளே சிக்கல் குறைந்தவை.

5. மின் இணைப்பு

டிடெக்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன, பொதுவாக அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கின்றன. அந்தச் சிறு அளவை நம்பி நேரடியாக பேட்டரியில் கட்டிவிடாதீர்கள்: 0.3 ஆம்பியர் எடுக்கும் கருவி ஒரு நாள் முழுவதும் ஓடினால் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் தீர்ந்துவிடும், பல பைக் பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவே 8 முதல் 14 தான். சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் வயரிலிருந்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுங்கள். துணைக்கருவி சாக்கெட் இருந்தால் அதுவே போதும். பிஎம்டபிள்யூ போன்ற, கணினி வலையமைப்பு மூலம் மின்சாரத்தைக் கண்காணிக்கும் வண்டிகளில் விளக்கு வயரைக் குத்தி மின்சாரம் எடுத்தால் பிழைச் செய்தி வரும். அவற்றில் சாக்கெட்டையோ தனி ஃபியூஸ் பெட்டியையோ பயன்படுத்த வேண்டும்.

வயரை டேங்கின் அடியில் கொண்டுவந்து, ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியைத் தாண்டி மேலே எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். முன்சக்கரம் தரையில் இருக்க, ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பி நிறுத்தி வயர் இழுபடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். வலது கோடிக்குத் திருப்பி அது சட்டகத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் நசுங்குகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பழைய தொலைபேசிகளில் இருப்பதைப் போன்ற சின்ன பிளக்தான் பல டிடெக்டர்களில் இருக்கிறது, அதிர்வில் அது தளர்ந்து வெளியே வரும். பிளக்கிலிருந்து ஓரங்குலம் தள்ளி வயரைத் தாங்கியோடு ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் கட்டிவிட்டால் பிளக்கின் மீது எடை விழாது.

6. எங்கே பொருத்துவது

முன்னால் சாலை தெரிய வேண்டும், கருவி தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் விண்ட்ஸ்கிரீன், கறுப்புச் சாயம் பூசியதாக இருந்தாலும், ரேடாரைத் தடுப்பதில்லை. உலோகமும் கார்பன் ஃபைபரும் தடுக்கும். லேசர் உணரியின் மீது முன்னாலிருந்து ஒளி நேராக விழ வேண்டும், ஆகவே பைக்கின் முன்புற உறையான ஃபேரிங்குக்குள் முழுவதுமாகப் புதைத்தால் லேசர் எச்சரிக்கையை இழப்பீர்கள். பின்புற அலைகளை உங்கள் உடலும் பின்பெட்டியும் ஓரளவு மறைத்துவிடும், அதைத் தவிர்க்க வழியில்லை.

தாங்கியின் திருகுகளில் நீலத் திருகுப் பசை ஒரு சொட்டு விடுங்கள். சாப்பிட நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கழற்றி எடுத்துச் செல்லும் பழக்கம் வேண்டும். வெயிலில் கிடப்பதும் திருட்டும் அதனாலேயே பாதி தீரும்.

7. அமைப்புகளும் முதல் சில வாரங்களும்

கையேட்டின்படி எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, நான்கைந்து போதும். ஒலி தானாகக் குறையும் வசதியை நிறுத்துங்கள். அது காருக்குத் தகும், பைக்கில் குறைந்த ஒலி என்பது ஒலியே இல்லை என்பதற்குச் சமம். குரல் அறிவிப்பை விட ஒலிக்குறிகளே காற்றில் தெளிவாகக் கேட்கும். நகர வேகத்தில் அமைதியாக இருக்கும் வசதி இருந்தால் 30 மைலுக்கு வையுங்கள். கார்களின் கே அலையை வடிகட்டும் வசதியை இயக்குங்கள். எக்ஸ் அலையை அணைப்பதற்கு முன் உங்கள் பகுதியில் ஓட்டுவோரிடம் கேளுங்கள், நியூ ஜெர்சி, ஒஹாயோவின் சில பகுதிகளில் அந்தப் பழைய கருவிகள் இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள்.

முதல் மூன்று நான்கு வாரங்கள் பழகிய சாலைகளிலேயே, வேக வரம்புக்குள் ஓட்டிக்கொண்டே கேளுங்கள். எந்தத் திருப்பத்தில் மருந்துக்கடைக் கதவு, எது நெருங்க நெருங்க வலுக்கும் உண்மை அலை என்று காது கற்றுக்கொள்ளும். கே-ஏ ஒலித்தால் எப்போதும் நம்புங்கள். காவலர் நிற்கும் இடங்களை ஓட்டுவோர் ஒருவருக்கொருவர் அறிவிக்கும் வேஸ் (Waze) வழிகாட்டிச் செயலியையும் அதே ஹெட்செட்டில் ஓடவிடுங்கள். லேசருக்கு எதிராக டிடெக்டரை விட அதுதான் உதவும், வர்ஜீனியாவிலும் அதற்குத் தடை இல்லை.

எச்சரிக்கை வந்ததும் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பின்னால் வருபவருக்கு உங்கள் ஹெட்செட் ஒலி கேட்காது, நீங்கள் திடீரெனக் குறைவது மட்டுமே தெரியும். ஆக்சிலேட்டரை விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், எஞ்சின் வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் விளக்கு எரியாது என்பதால் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் காட்டுங்கள். வளைவின் நடுவில் என்றால் வளைவை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

8. காவலர் நிறுத்தினால்

வலப்புறம் சமிக்ஞை காட்டி ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கைகள் தெரியும்படி டேங்கின் மேல் வைத்திருங்கள். இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். அனுமதியுள்ள மாநிலத்தில் ஹேண்டில்பாரில் டிடெக்டர் இருப்பது குற்றமல்ல, ஆகவே அவசரமாகக் கை நீட்டிக் கழற்ற முயல வேண்டாம். அந்த அசைவுதான் சந்தேகத்தைக் கிளப்பும். மோட்டார் சைக்கிள் ஒப்புதல் பதிந்த உரிமம், வண்டிப் பதிவுச் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகிய மூன்றும் கேட்பார்கள். உரிமத்தை மேலங்கியின் வெளிப்பையில் வையுங்கள். பதிவுச் சீட்டு இருக்கைக்கு அடியில் இருந்தால், அதை எடுக்கப் போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் சரி என்றபின் இருக்கையைத் திறங்கள். டிடெக்டரைப் பற்றிக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். டிக்கெட் கொடுத்தால் அதில் எழுதியிருக்கும் வேகம், இடம், பதிலளிக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றை அங்கேயே படித்துப் பாருங்கள். அந்த நாள் தவறினால் பல மாநிலங்களில் உரிமமே நிறுத்தி வைக்கப்படும்.